குழந்தைகள் தினத்துப் படம்

வெயிலும் இருக்கிறது. சாரலும் இருக்கிறது.

ஆனி மாதத்துத் தென்காசியில் இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் இறங்கும். வெளிச்சம் நனைந்தபடியே வீட்டுக்குள் வரும். கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது.

அப்படி ஒரு காலையில்தான் மகளின் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். மாதத் தேர்வு அட்டையில் ஒரு கையெழுத்துப் போட வேண்டும். ஐந்து நிமிட வேலை. அடுப்பில் பருப்பைக்கூட இறக்காமல், சிம்மில் வைத்துவிட்டுப் போயிருந்தேன்.

நான் சண்முகக்கனி. வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். கணவர் கோமதிநாயகம், மரக்கடையில் வேலை. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று நினைக்கிற ஆள். எங்களுக்கு ஒரே மகள். சுபிக்‌ஷா. எட்டாம் வகுப்பு.

தையல் போக எனக்கு ஒரு பைத்தியம் உண்டு. மகள் பேசுவதையெல்லாம் எழுதுவது.

மூன்று வயதில் ஒரு நாள் கேட்டாள். "தேங்காய்க்குள்ள யாரும்மா தண்ணி ஊத்துனா? மூடியே இல்லியே?" அதை அப்படியே பேஸ்புக்கில் போட்டேன். அறுபது பேர் விருப்பம் போட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து தினமும் போட்டேன். பல் விழுந்தது, பொம்மைக்குக் காய்ச்சல் வந்தது, அப்பாவுக்கு அவள் வைத்த பட்டப்பெயர். எல்லாவற்றுக்கும் ஒரே தலைப்புதான், 'எங்க வீட்டு வானொலி'.

ரவிக்கை அளவு கொடுக்க வருகிறவர்கள்கூட முதலில் அதைத்தான் கேட்பார்கள். இன்னைக்கு வானொலி என்ன சொல்லுச்சுக்கா?

என் பிள்ளை மனசில் ஓடுவது எனக்குத் தெரியாமல் இருக்காது. அப்படி ஒரு கர்வத்தில் இருந்தேன். இருந்தேன் பாருங்கள்.

கொஞ்ச நாளாக அவள் பேச்சு குறைந்திருந்தது. கேட்டால் ஒரு வார்த்தை. மறுபடி கேட்டால் அதுவும் இல்லை. வயசு அப்படி என்று விட்டுவிட்டேன். விட்டுவிடவும் இல்லை. 'வானொலி இன்று மௌன விரதம்' என்று அதையும் எழுதிப் போட்டேன்.

கையெழுத்துப் போட்டு முடித்துத் திரும்பும்போது பி.டி. டீச்சர் வராந்தாவில் நிறுத்தினார்.

"சுபிக்‌ஷா அம்மா, ஒண்ணு சொல்லணும். இன்னைக்கும் பிள்ள வயித்து வலின்னு சுருண்டு படுத்துக் கிடந்தா. இப்பதான் எந்திரிச்சு கிளாசுக்குப் போறா. மாசாமாசம் இப்படித்தான். டாக்டர்ட்ட ஒரு தடவ காட்டுங்களேன்."

மாசாமாசமா என்றேன்.

"ஆமா, எட்டு மாசமாச்சே. குழந்தைகள் தின விழா அன்னைக்குத்தான வயசுக்கு வந்தா. அவங்க அப்பா வந்து கூட்டிட்டுப் போனாங்களே."

எட்டு மாதம்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. டீச்சர் வாய் அசைகிறது. பின்னால் மைதானத்தில் வெயில் அடிக்கிறது, சாரல் விழுகிறது. ஏதோ ஒரு வகுப்பில் வாய்ப்பாடு சொல்கிறார்கள். எல்லாம் தூரத்தில் நடக்கிறது.

"உங்களுக்குத் தெரியும்ல?" என்றார் டீச்சர்.

"தெரியும் டீச்சர்."

பொய். வாய் தானாகச் சொல்லிவிட்டது. பெற்ற மகள் பெரிய மனுஷி ஆனது தாய்க்குத் தெரியாது என்று எந்த வாயால் சொல்வது?

தெரு முழுக்க அதே நினைப்புதான். எட்டு மாதம். குடையைக் கையில் வைத்துக்கொண்டே நனைந்துகொண்டு வந்தேன். பூக்காரி கூப்பிட்டாள். திரும்பவில்லை.

நான் காத்திருந்த நாள் அது. சும்மா காத்திருக்கவில்லை. சுரண்டையில் இருக்கிற என் அண்ணன் வேலாயுதம்தான் தாய்மாமன். சடங்குக்குப் பச்சைப் பட்டு எடுத்து அண்ணன் வீட்டு பீரோவில் ஒரு வருஷமாக வைத்திருக்கிறது. அண்ணன் மனைவி, என் மைனி, போன் போடும்போதெல்லாம் அதே கேள்வி. இன்னும் ஒண்ணும் இல்லியா? நான் மண்டபம்கூடப் பார்த்து வைத்துவிட்டேன். வாசலில் வைக்கிற பேனருக்கு எந்தப் படம் என்பதுவரை என் மனசில் இருந்தது.

ஏன் அவ்வளவு ஆசை என்று கேட்டால் சொல்கிறேன். கல்யாணத்துக்கு முன்னால் என்னை ஊரே திரும்பிப் பார்த்தது ஒரே ஒரு நாள். என் சடங்கு. ஐந்து பெண்களில் நான்காவதாகப் பிறந்தவளுக்கு அன்றைக்குத்தான் ஒரு நாற்காலி கிடைத்தது. புதுப் புடவை, கழுத்து கொள்ளாத மாலை. நான் சிரித்துக்கொண்டே இருந்தேனாம், அம்மா கிள்ளினாளாம். அந்தச் சிரிப்பை என் மகளுக்கும் கொடுக்க நினைத்தேன். வேறொன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்தால் பருப்பு அடிப்பிடித்துக் கிடக்கிறது. அடுப்பை அணைத்தேன். ஈரப் புடவையோடு தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தேன். போனை எடுத்தேன். போன வருஷம் நவம்பர் பதினான்கு. அன்றைக்கு நான் என்ன செய்துகொண்டிருந்தேன்?

தேடினால் கிடைக்கும். நான்தான் எதையும் விட்டுவைப்பவள் இல்லையே.

கிடைத்தது.

பாயில் சுபி படுத்திருக்கிறாள். ஜன்னல் வழியாகச் சாயங்கால வெளிச்சம். விழாவுக்குப் போட்ட கண்மை கலைந்திருக்கிறது. முழங்கால் இரண்டையும் வயிற்றோடு சேர்த்துச் சுருண்டிருக்கிறாள். இரண்டு கையும் அடிவயிற்றில்.

மேலே என் எழுத்து. 'இன்று குழந்தைகள் தினம். எங்க வீட்டு வானொலி ஆடிய அலுப்பில் ஆறு மணிக்கே தூங்கிவிட்டது. குழந்தை குழந்தைதானே!'

நூற்று நாற்பது பேருக்குப் பிடித்திருந்தது.

ஐயோ, என் கண்ணில் என்ன இருந்தது அன்றைக்கு? படம் எடுத்திருக்கிறேன். பக்கத்தில் போய், குனிந்து, வெளிச்சம் நன்றாக விழுகிற பக்கமாகப் பார்த்து எடுத்திருக்கிறேன். அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. அந்தப் படத்தை இப்போது பெரிதாக்கிப் பார்த்தேன். அவள் தூங்கவே இல்லை. இமை இறுகியிருக்கிறது. தூங்குகிற பிள்ளைக்கு இமை அப்படி இறுகாது.

நான் போனதும் கண்ணைத் திறந்திருப்பாள்.

மேலே தள்ளத் தள்ள எட்டு மாதமும் வந்தது. ஜனவரியில் ஒன்று. 'எங்க வீட்டு ஐயா திருந்திவிட்டார். தானாகவே குப்பை கொட்டப் போகிறார்!' எழுபது பேர் சிரித்திருந்தார்கள். நானும் சிரித்தேன். எதற்காகக் குப்பையைத் தூக்கிக்கொண்டு போனார் என்று இன்றைக்குத்தான் புரிகிறது. கறுப்புப் பாலிதீன் பையோடு வருவார், என்ன என்றால் கடைக்கு ஆணி என்பார். மரக்கடையில் வேலை பார்க்கிறவர் ஆணி வாங்கி வீட்டுக்குக் கொண்டுவருவாரா? கேட்கவில்லையே நான்.

எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். ஒன்றையும் பார்க்கவில்லை.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தார். தட்டை வைக்கவில்லை. எதிரில் நின்றேன்.

"உங்களுக்குத் தெரியுமா?"

என்ன என்று கேட்கவில்லை. அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன். செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார்.

கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. என் வீட்டில் எனக்குத் தெரியாமல் இரண்டு பேரும் நாடகம் நடத்தியிருக்கிறீர்கள் என்றேன். நான் செத்தா போய்விட்டேன் என்றேன். பத்து மாதம் சுமந்தவளுக்கு இதுதானா மரியாதை என்றேன். பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. அதையும் பார்த்து ஒரு முறை முறைத்தேன், மூடிக்கொண்டது.

மூச்சு வாங்க நான் நிறுத்தினபோதுதான் அவர் பேசினார்.

"கடைக்குப் போன் வந்துச்சு. ஸ்கூல்ல போயி நிக்கேன், மொத வார்த்தையே அதான் சொன்னா. அம்மாட்ட சொல்லிராதீங்கப்பான்னா. கையப் புடிச்சிக்கிட்டு அழுதா. சத்தியம் வாங்கிட்டா. நான் என்ன செய்யச் சொல்லுத?"

ஏன், ஏன் என்றேன். நான் என்ன பேயா?

"அபிநயா சடங்குல நீ எடுத்துப் போட்டியே, அந்த வீடியோ."

அபிநயா அவருடைய தங்கை மகள், கடையநல்லூர். போன வருஷம் ஆவணியில் சடங்கு. தாய்மாமன் இவர்தான். சீர்த் தட்டை இவர்தான் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். தலையில் தண்ணீர் ஊற்றும்போது அந்தப் பிள்ளை தலையைக் குனிந்து அழுதது. வெட்கத்தில் அழுகிறாள் என்று எல்லாரும் சிரித்தோம். நான் பக்கத்தில் போய் எடுத்தேன். பாட்டுச் சேர்த்துப் போட்டேன். நான் போட்டதிலேயே அதிகம் பேர் பார்த்தது அதுதான்.

"அத சுபி கிளாஸ் பயலுவ பூராம் பாத்திருக்கானுவ. இவகிட்ட வந்து, உங்க அம்மா உன்னைய எப்ப போடுவாங்கன்னு கேட்டிருக்கானுவ."

உன்னைய எப்ப போடுவாங்க.

மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

பன்னிரண்டு வயதுப் பிள்ளை அதைக் காதில் வாங்கிக்கொண்டு என் பக்கத்தில் வந்து சாப்பிட்டிருக்கிறாள், படித்திருக்கிறாள், என் மடியில் தலைவைத்துப் பேன் பார்க்கச் சொல்லியிருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பார்த்துப் பயந்திருக்கிறாள். திருடனுக்குப் பயப்படலாம், நாய்க்குப் பயப்படலாம். பெற்ற தாய்க்குப் பயந்து தன் உடம்பை மறைத்திருக்கிறாள்.

அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் அடிப்பிடித்த பருப்பையே ஊற்றிச் சாப்பிட்டார். போகும்போது என் தோளில் கையை வைத்துவிட்டுப் போனார். தட்டிவிட நினைத்தேன், தட்டவில்லை.

நாலரைக்குச் சுபி வந்தாள். சாரல் நின்று மேற்கே மலை தெரிந்தது. ரெயின்கோட்டை உதறியபடி என் முகத்தையே பார்த்தாள்.

"ஸ்கூலுக்கு வந்தியா?"

"வந்தேன்."

"டீச்சர் என்ன சொன்னாங்க?"

நாக்கு நுனியில் வந்துவிட்டது. பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, காலைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. "கணக்குல எழுவத்தெட்டு" என்றேன். அவள் உள்ளே போனாள். மெதுவாக நடந்தாள். வலியோடு நடக்கிற நடை. எட்டு மாதமாக இப்படித்தான் நடந்திருக்கிறாள் என் முன்னால்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தது. அண்ணன். தைக்கிற கைக்கு வசதியாக எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவேன். பழக்கதோஷத்தில் போட்டுவிட்டேன். வீடு முழுக்க அண்ணன் குரல்.

"என்னம்மா, எப்படி இருக்கிய? உங்க மைனி இன்னைக்கு அந்தப் பச்சைப் பட்ட எடுத்து மடிப்ப மாத்தி வச்சா. ரெண்டாவது தடவ. என் மருமவ என்ன செய்யுதா? இன்னும் ஒண்ணும் இல்லியா?"

அடுக்களை வாசலில் சுபி நின்றாள். கையில் தண்ணீர்ச் செம்பு. குடிக்கவில்லை. நின்றாள்.

சொன்னால் நாளைக்கு அண்ணன் காரில் வந்து இறங்குவார். பட்டு, மாலை, நாற்காலி, மண்டபம். நான் கனவு கண்ட அத்தனையும் நாளைக்கே நடக்கும். ஒரு வார்த்தை போதும். என் அண்ணனிடம் இன்றுவரை நான் பொய் சொன்னதில்லை. என்னைத் தூக்கி வளர்த்தவர்.

மகளைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள். கண்ணை எடுக்காமல், அவளைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னேன்.

"இன்னும் இல்லண்ணே."

"சரிம்மா, எல்லாத்துக்கும் நேரம் வரும்" என்றார். அந்தக் குரலின் ஏமாற்றம் என்னைக் குத்தியது. எத்தனை நாளைக்கு மறைப்பேன், எனக்குத் தெரியாது. என்றாவது சொல்லத்தான் வேண்டும். அண்ணன் கோபிப்பார், மைனி பேசவே மாட்டாள். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம்.

போனை வைத்தேன். மெஷின் ஓடவில்லை.

"டீச்சர் சொல்லிட்டாங்களா?" என்றாள்.

"சொல்லிட்டாங்க."

"எழுதுவியா?"

"மாட்டேன்."

"சத்தியமா?"

கையை நீட்டினேன். அவள் என் கையில் அடிக்கவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள். அப்புறம் செம்பைக் கீழே வைத்துவிட்டு, மூன்று வயதில் கேட்ட அதே குரலில் சொன்னாள்.

"அம்மா, வயிறு வலிக்கும்மா."

வெந்நீர் போட எழுந்தேன்.