மகாராணிக்கு ஒரு கொக்கி

டிரில் முனை வண்டியின் சேஸிஸைத் துளைத்தபோது எழுந்த சத்தத்தில், கூடத்தில் பிணத்தைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்களின் அழுகை அப்படியே நின்றுபோனது. ஷெட்டில் நின்றிருந்த அவளுக்குக் காது குளிர்ந்தது.

"இன்னும் மூணு ஓட்டை இருக்குக்கா," என்றான் வண்டிக்கடியில் மல்லாந்து கிடந்த மெக்கானிக். தெருவில் அவனுக்கு நட்டு என்று பெயர். "அண்ணன் எந்திரிச்சு வந்துடுவாரோன்னு பயமா இருக்கு."

"வரட்டும். வந்தா டார்ச் பிடிக்கச் சொல்லு."

கணவருடைய அந்தப் பழைய பிக்கப்புக்கு மகாராணி என்று பெயர் வைத்தது அவள்தான், வயிற்றெரிச்சலில். கம்பெனியிலிருந்து வந்ததில் ஒரு திருகாணிகூட மாறக் கூடாது அதற்கு. அவளுடைய நாற்றுகளைச் சந்தைக்கு இழுத்துப்போக அவள் அப்பா ஒரு டிரெய்லர் செய்து கொடுத்தார். வண்டிக்குப் பின்னால் ஒரு கொக்கி மாட்டினால் போதும். "என் வண்டியில ஓட்டை போடணும்னா முதல்ல என் நெஞ்சுல போடு" என்றுவிட்டார் மனிதர். டிரெய்லர் கொல்லையில் கிடந்தது. அவள் நாற்றுத் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள், இடுப்பு ஒடிந்து அந்தத் தொழிலையே விடும்வரை. பிரசவ வலி எடுத்த அன்றுகூட மழையில் நனையும் என்று மகாராணியை வெளியே எடுக்கவில்லை. ஆட்டோவில் போனாள். அதை அவள் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

நேற்று அந்த நெஞ்சு தானாகவே நின்றுபோனது.

கொழுந்தன் மூச்சிரைக்க ஓடி வந்தான். "என்ன அண்ணி இது? மகாராணியில தூக்கிட்டுப் போங்கன்னுதானே அண்ணன் கடைசியாக் கேட்டுக்கிட்டார்?"

"அதுக்குத்தான் தம்பி இவ்வளவு பாடு. சவப்பெட்டி பின்னாடி அடங்கல. டூல் பாக்ஸ் குறுக்க நிக்குது."

"அதைக் கழட்டினா போச்சு. நாலு போல்ட்டு."

"ஐயோ, அது வண்டியோட வந்தது. அதுல கை வச்சா உங்க அண்ணன் தாங்க மாட்டார்."

"ஓட்டை போட்டா மட்டும் தாங்குவாரா?"

"முதல்ல நெஞ்சு, அப்புறம் வண்டின்னு அவரேதான் சொன்னார். நெஞ்சு வேலை முடிஞ்சுது."

கொழுந்தன் நட்டுவிடம் நியாயம் கேட்கக் குனிந்தான். நட்டு இன்னும் கொஞ்சம் உள்ளே நகர்ந்துகொண்டான்.

கொக்கியை முடுக்கி, டிரெய்லரை அதில் மாட்டி, சங்கிலி போட்டு, விளக்குக்கு வயர் இழுத்தான். "ஏறி பிரேக்கை மிதிங்கக்கா."

டிரெய்லருக்காகத்தான் அவள் ஒரு காலத்தில் லைசென்ஸ் எடுத்தாள். இந்த ஸ்டீயரிங்கை அவர் தொடவே விட்டதில்லை. ஏறி உட்கார்ந்து மிதித்தாள்.

"எரியுது," என்றான் நட்டு பின்னாலிருந்து.

பெட்டியைத் தூக்கி வந்தார்கள். "வெயிட்டு சக்கரத்துக்குக் கொஞ்சம் முன்னாடி இருக்கணும், இல்லன்னா பின்பக்கம் ஆடும். தலை எந்தப் பக்கம்க்கா?"

"முன்னாடி வை. அவருக்குத் தலைக்கனம் ஜாஸ்தி."

சிரிப்பை அடக்க நட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை.

காலையிலிருந்து மூடியிருந்த வானம், வண்டி கேட்டைத் தாண்டும்போது தூற ஆரம்பித்தது. கொழுந்தன் பழக்க தோஷத்தில் ஷெட்டுக்கு ஓடி, மகாராணிக்கென்று அண்ணன் அளவெடுத்துத் தைத்து வைத்திருந்த உறையை அள்ளிக்கொண்டு வந்தான்.

"அண்ணி, நனையுது."

அவள் பானெட்டின் மேல் உருண்ட துளிகளைப் பார்த்தாள். கண்ணாடி வழியாகப் பின்னால் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அதை உங்க அண்ணன் மேல போடுங்க."

"அப்போ வண்டி?"

"நனையட்டும்."

அவன் உறையைப் பெட்டியின் மேல் விரித்து மூலைகளை இழுத்துக் கட்டினான். அவள் கிளட்ச்சை மெதுவாக விட்டாள். தெரு முனையை எட்டுவதற்குள் மழை வலுத்து முன்கண்ணாடி மங்கிப்போனது. வைப்பர் சுவிட்ச் எது என்று அவளுக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் பின்னால் வந்துகொண்டிருந்தார். ஒவ்வொரு குமிழாகத் திருகிப் பார்த்தபடி ஓட்டினாள்.