சிங்கம் பார்த்தவர்

கீழக்கரைக் கல்யாண விருந்தில், நெய்ச்சோறு குவித்த சஹன் தட்டைச் சுற்றி உட்கார்ந்திருந்த ஆண்களிடம் ஹமீது சுல்தான் சிங்கக் கதையை ஆரம்பித்தார். ஆப்பிரிக்காவிலிருந்து விடுப்பில் வரும்போதெல்லாம் சொல்லுகிற கதைதான். போன தடவை தூரத்தில் நின்று உறுமிய சிங்கம் இந்தத் தடவை அவர் சட்டையை மோந்து பார்த்துவிட்டுப் போனது.

"அதெல்லாம் சரி மச்சான், ஒரு போட்டோ காட்டுங்களேன்" என்றான் மைத்துனன் வாவு முகம்மது.

சிரிப்பு வெடித்தது. ஹமீது சுல்தானும் சேர்ந்து சிரித்தார். ஆனால் அவர் கை சோற்றிலேயே நின்றுவிட்டதைத் திரைக்குப் பின்னாலிருந்த மனைவி லத்தீபா பார்த்துவிட்டாள்.

மறுநாள் அவர் பசியாறும்போது கேட்டாள். "நெசமாவே பாத்தியளா?"

அவர் இடியாப்பத்தைப் பிய்த்துக்கொண்டே இருந்தார். "மொம்பாசாவுல துணிக்கடையத் தவிர எனக்கு என்ன தெரியும்? காலைல தொறந்தா ராத்திரி பூட்டணும். சிங்கத்தத் தீப்பெட்டிப் படத்துல பாத்ததுதான்."

லத்தீபாவுக்குக் கோபம் வரவில்லை. கல்யாணமாகி ஏழு வருசம். அவர் விடுப்பில் வந்த நாட்களையெல்லாம் சேர்த்தாலும் ஒரு வருசம் தேறாது. அவர் கதைகளோடு குடும்பம் நடத்தினாளே தவிர அவரோடு நடத்தவில்லை. இன்றைக்குத்தான் ஒரு மனுசர் எதிரே உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது.

"அப்ப நானும் வாரேன். ரெண்டு பேருமாப் போய்ப் பாப்போம்."

"பொம்பளையளக் கப்பல்ல கூட்டிட்டுப் போற வழக்கம் நம்ம குடும்பத்துல உண்டா?"

"பொய் சொல்ற வழக்கம் மட்டும் இருக்காக்கும்?"

இரண்டு வீட்டிலும் பேச்சு வளர்ந்தது, அழுகையும் நடந்தது. கடைசியில் பம்பாயில் கப்பலேறினாள்.

மொம்பாசாவில் கடைக்கு மேலேயே வீடு. முதல் சில மாதங்கள் ஒருவருக்கொருவர் விருந்தாளி மாதிரி இருந்தார்கள். அவர் குறட்டையும் அவளுடைய பிடிவாதமும் மெல்லப் பழகின. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அவர் பழைய கேமரா ஒன்றை வாங்கி வந்தார். ஜுமா என்ற ஓட்டுநரோடு வாடகை வண்டி பேசி, சிங்கங்கள் உலவும் சாவோ என்ற காட்டுக்குப் புறப்பட்டார்கள்.

முதல் நாள் செம்மண் புழுதிதான். யானை கண்ணில் பட்டது, வரிக்குதிரை பட்டது, சிங்கம் மட்டும் படவில்லை. "என் ராசி அப்படி" என்று ஹமீது சுல்தான் சுருங்கிப்போனார்.

மறுநாள் காலை ஜுமா இஞ்சினை அணைத்து விரலை நீட்டினான். ஊரில் உச்சிப்புளிப் பக்கம் நிற்கும் உடைமரம் போலவே ஒரு மரம். அதன் அடியில் இரண்டு பெண் சிங்கங்களும் குட்டிகளும். அவர் கதையில் வந்தவை எப்போதும் உறுமிக்கொண்டிருக்கும். இவை ஈ மொய்க்கக் கொட்டாவி விட்டுக்கொண்டு படுத்திருந்தன.

பெரியது எழுந்து வண்டியைப் பார்த்து நடந்து வந்தது. அவர் கேமராவைத் தூக்கினார். பாதியிலேயே இறக்கிவிட்டார்.

"என்னால ஏலலை லத்தீபா. நீ புடி."

கையால் தொட்டுப் பழகாத சாமான். வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டு குனிந்தாள். கேமராவின் மேலிருந்த சின்னக் கண்ணாடிச் சதுரத்துக்குள் பொன்னிற முகம் ஒன்று பெரிதாகிக்கொண்டே வந்தது. மூக்கின் மேல் பழைய தழும்பு. மூச்சை அடக்கி, பொத்தானை அமுக்கினாள். சிங்கம் வண்டியைச் சட்டை செய்யாமல் தாண்டிப் போயிற்று.

"படம் விழுந்துச்சா?" என்றார்.

"தெரியலியே. ஊருல போய் என்ன சொல்வீய?"

"கொட்டாவி விட்டுச்சுன்னு சொன்னா எவன் நம்புவான்?"

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு குலுங்கினாள். அவரும் சத்தமில்லாமல் சிரித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது.

ஜுமா சாவியைத் தொட்டான், உடனே கையை எடுத்துக்கொண்டான். குட்டி ஒன்று தள்ளாடி வந்து வண்டி நிழலில் படுத்துவிட்டிருந்தது. மூவரும் அசையாமல் இருந்தார்கள். வெயில் ஏறி நிழல் ஒடுங்க ஒடுங்க, குட்டி தூக்கத்திலேயே புரண்டு புரண்டு சக்கரத்தை நெருங்கி வந்துகொண்டிருந்தது.