தம்புரா நின்ற இடம்

எங்கள் கம்பெனியில் செய்கிற பெட்டியின் விலையைச் சொன்னால் என் ஊர் எளாவூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள். ஆறு வருஷமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். "கார் வாங்குற டப்புல ஒரு பாட்டுப் பொட்டியா? யாருக்குடி காது குத்துற?" என்பார் என் மாமியார். ஸ்ட்ரீமர் என்று பெயர். இணையத்திலிருந்தோ வீட்டுக் கணினியிலிருந்தோ பாட்டை எடுத்து ஸ்பீக்கருக்குக் கொடுக்கும். வேறு வேலை கிடையாது. அதைத்தான் போனும் செய்கிறதே என்று கேட்டுவிடாதீர்கள். எங்கள் புரொடக்‌ஷன் மேனேஜர் அன்புசெல்வன் சார் காதில் விழுந்தால் அரை மணி நேரம் வகுப்பு எடுப்பார்.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எங்கள் ஷெட்டுக்கு இந்தப் பக்கம் இரும்பு உருக்கும் ஆலை, அந்தப் பக்கம் பிளாஸ்டிக் பீப்பாய் கம்பெனி. இந்த இரைச்சலுக்கு நடுவில் சுவரெல்லாம் நுரை ஒட்டி அடைத்த ஓர் அறை இருக்கிறது. கேட்கும் ரூம். தயாரான ஒவ்வொரு பெட்டியையும் கடைசியாக ஓடவிட்டுக் கேட்டு, சரி என்று எழுதி அனுப்புகிற வேலை எனக்கு. என் பெயர் சுமலதா. ஆறு வருஷமாகக் காண்ட்ராக்ட் ஆள். இந்த மாசக் கடைசியில் கம்பெனி ஆளாக எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. அதற்கான காகிதம் அன்புசெல்வன் சாரின் மேசை டிராயரில் இருந்தது. அவர் ஒரு கையெழுத்துப் போட்டால் முடிந்தது.

வேலை முறையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பெட்டிக்கு நாற்பது விநாடி. எல்லாப் பெட்டிக்கும் ஒரே கச்சேரிப் பதிவு, அதன் முதல் துண்டின் தொடக்கம். பாடுகிற அம்மாள் ஒரு மூச்சு இழுப்பார், ஒரு வரி போவார், வயலின் அதைப் பிடித்துக்கொள்ளும். அத்துடன் நிறுத்திவிட்டு ஃபார்ம் எழுத வேண்டும். குரல், பேஸ், ட்ரெபிள், அகலம், மொத்தத்தில் என்று ஐந்து கட்டம். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் ஃபார்ம் திரும்பி வந்துவிடும்.

மத்தியானம் மட்டும் கச்சேரியை முழுசாக ஓடவிடுவேன். கேட்கும் ரூமில் சாப்பிடக் கூடாது என்று கதவிலேயே ஒட்டியிருந்தது. சாம்பார் வாசனை பெட்டிக்குள் புகுந்து, அது விற்கப் போகும் ஜெர்மனி வரை போய்விடுமாம். போகட்டுமே, அவர்களும் தெரிந்துகொள்ளட்டும்! கதவைச் சாத்திக்கொண்டு, மேசையில் நிரந்தரமாக இருக்கும் பெட்டியில் பாட்டைப் போட்டுவிட்டுச் சாப்பிடுவேன். எனக்கு ராகமும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆறு வருஷம் தினமும் கேட்டால் வீட்டுக் குழாய்ச் சத்தம்போல எல்லாம் பழகிவிடும்.

போன திங்கட்கிழமை அந்தப் பெட்டியில் புதிய மென்பொருளை ஏற்றினார்கள். பாட்டை எடுத்து ஓட்டுவது அதுதான். எழுதியவர் அர்ஷத் சார். பழவேற்காட்டுக்காரர், முப்பது வயது இருக்கும், அதிர்ந்து பேசமாட்டார். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அக்கா என்பார். ஒரு வருஷமாக ராவும் பகலுமாக உட்கார்ந்து எழுதினார். அவர் பெயரில் வெளியே போகும் முதல் மென்பொருள்.

அன்று மத்தியானம் சோறு இறங்கவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருந்தது, என்னவோ சரியில்லை. எதற்கென்று தெரியாமல் மூன்று தடவை கை தட்டிலேயே நின்றது. தலையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தேன். அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தது. மறுநாளும் அப்படியே.

ஏதோ கெட்டுப்போயிருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எது என்று தெரியவில்லை. ஃபார்ம் முன்னால் இருந்தது, ஐந்து கட்டம். எழுதினேன். குரல்: தடித்திருக்கிறது. பேஸ்: இறுக்கம். ட்ரெபிள்: மங்கல். அகலம்: சுருங்கிவிட்டது. மொத்தத்தில்: பழையதே நன்றாக இருந்தது, அனுப்ப வேண்டாம்.

வெள்ளிக்கிழமை அந்த மென்பொருளுடன் முந்நூறு பெட்டி லாரி ஏற வேண்டும். விடுவார்களா? அரை மணி நேரத்தில் கூப்பிட்டு விட்டார்கள்.

அர்ஷத் சார் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். "அக்கா, உள்ள போற ஃபைலு இது, வெளிய வர்றது இது. பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒப்பிட்டுட்டேன். ஒரு புள்ளி மாறல. நம்பர் அதேன்னா சத்தமும் அதேதான?"

"நம்பர் இன்னா காதால கேக்குதா சார்? நான் கேக்குறேன். குரலு தடிச்சிக்கீது."

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

அன்புசெல்வன் சார் சிரித்தார். "சரி, ரெண்டு பொட்டிய திரைக்குப் பின்னாடி வெப்போம். ஒண்ணு பழசு, ஒண்ணு புதுசு. பத்து தடவ போடுறோம். எது எதுன்னு சொல்லு. சொல்லிட்டன்னா லாரிய நிறுத்திடறேன்."

"போடுங்க சார்" என்றேன். அவ்வளவு திமிர்.

திரை கட்டினார்கள். பத்துத் தடவை, தடவைக்கு நாற்பது விநாடி. அந்த அம்மாள் மூச்சு இழுப்பார், வரி போவார், வயலின் பிடிக்கும், நிறுத்துவார்கள். முதல் இரண்டு தடவை நம்பிக்கையாகச் சொன்னேன். மூன்றாவது தடவை கண்ணை மூடிக் கேட்டேன். தடிப்பும் இல்லை, மங்கலும் இல்லை. இரண்டும் ஒன்றாகவே இருந்தன. மிச்சத்தை வாய்க்கு வந்தபடி சொன்னேன்.

பத்தில் ஐந்து சரி. அர்ஷத் சார் தரையைப் பார்த்துக்கொண்டு, "காசு சுண்டினாலும் அஞ்சு வரும்க்கா" என்றார். கிண்டல் இல்லை, வருத்தமாகத்தான் சொன்னார். அதுதான் இன்னும் எரிந்தது.

"கொஞ்ச நாள் பேக்கிங்ல இரு சுமலதா. காது டெஸ்ட் ஒண்ணு எடுத்துரலாம்" என்றார் அன்புசெல்வன் சார். காகிதத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பேக்கிங்கில் ஈஸ்வரி எனக்கு ஜோடி. கவரைப்பேட்டையிலிருந்து ரயிலில் வருகிறவள், வாய்த்துடுக்கு எனக்கு மேலே. "இன்னாடி, காதுக்கு லீவு உட்டாங்களாமே?" என்று வரவேற்றாள். நான் பெட்டியைத் தெர்மகோலுக்குள் வைத்தேன். நானே வேண்டாம் என்று எழுதிய பெட்டிகள். என் கையாலேயே மூடி டேப் ஒட்டினேன். இரண்டு நாளாக ஒரே யோசனை. நமக்குக் காது போய்விட்டதோ? வீட்டுக்குப் போனால் குக்கர் விசிலைக்கூட ஒழுங்காகக் கேட்கிறோமா என்று கவனித்தேன். மகள் கூப்பிட்டு நான் ஒரு தடவை திரும்பாமல் போனால் திக்கென்றது.

வியாழக்கிழமை பதினோரு மணி. பக்கத்து ஆலையின் உலை உறுமிக்கொண்டே இருக்கும், காலையிலிருந்து மாலை வரை. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்துக்குப் பிறகு அது யார் காதிலும் விழாது. அன்று திடீரென்று அது நின்றது. ஒரு மூச்சு விடும் நேரம்தான், மறுபடி உறுமத் தொடங்கிவிட்டது. பேக்கிங் ஹாலில் இருந்த இருபது பேரும் ஒரே சமயத்தில் தலையைத் தூக்கினோம். ஈஸ்வரியின் கையில் டேப் பாதியில் நின்றது.

"இன்னா ஆச்சின்னு எல்லாம் மேல பாக்குறோம்?" என்றாள். "ஒண்ணும் ஆவலையே."

அவள் கையையே பார்த்தேன். என் கையும் இப்படித்தானே சோற்றில் நின்றது! மூன்று தடவை. அந்தக் கச்சேரி நான்கு துண்டு, ஒவ்வொன்றும் தனி ஃபைல். நான்கு துண்டுக்கு நடுவில் மூன்று இடம். அந்த இடங்களில் பாட்டு இருக்காது, வயலின் இருக்காது, கச்சேரி முழுக்கப் பின்னால் ஓடும் தம்புரா மட்டும் இருக்கும். ஆறு வருஷம் ஒரு நாள்கூட அதை நான் தனியாகக் கேட்டதில்லை. அதுதான் நின்றிருக்கிறது.

அடியே சுமலதா, காது போகலடி உனக்கு! ஈஸ்வரியைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. அடுத்த நிமிஷமே சந்தோஷம் வடிந்துவிட்டது. இதைப் போய்ச் சொன்னால் அன்புசெல்வன் சார் என்ன கேட்பார்? அப்படியென்றால் குரல் தடித்திருக்கிறது என்று எழுதினாயே, அது என்ன என்பார். காது கெட்ட ஆளுக்காவது இரக்கம் காட்டுவார்கள். கேட்காததைக் கேட்டதாக எழுதியவளுக்கு யார் கையெழுத்துப் போடுவார்கள்? பேசாமல் இருந்தால் காது டெஸ்டில் தேறிவிடுவேன், இரண்டு மாசத்தில் காகிதம் மறுபடி மேலே வரும். விஷயத்தைச் சொன்னதும் ஈஸ்வரியும் அதைத்தான் சொன்னாள். "உனுக்கு இன்னாத்துக்கு பேஜாரு? பொட்டி அவுங்களுது."

கையில் இருந்த பெட்டியைப் பார்த்தேன். எவனோ ஒருவன் இதற்குக் கார் விலை கொடுக்கப் போகிறான். வீட்டில் உட்கார்ந்து கேட்பான். என்னவோ சரியில்லை என்று தோன்றும், என்னவென்று தெரியாது. கம்பெனிக்கு எழுதுவான். நம்பர் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பதில் போகும். கடைசியில் தன் காதுதான் கெட்டுவிட்டது என்று அவன் நினைத்துக்கொள்வான். அப்படி நினைத்துக்கொண்டு இருப்பது எப்படி என்று இரண்டு நாளாக எனக்குத் தெரியும். ஒரு மனுஷனுக்கும் அது வேண்டாம்.

டேப்பை ஈஸ்வரி கையில் கொடுத்துவிட்டு நேரே அர்ஷத் சாரிடம் போனேன்.

"சார், ஒரு அஞ்சு நிமிஷம் ரூமுக்கு வாங்க. மொத துண்டு முடியற எடத்துலேந்து போடணும்."

"அக்கா, லாரி நாளைக்கு..."

"அதுக்குத்தான் சார் இன்னிக்கே கூப்புடுறேன்."

வந்தார். கதவைச் சாத்திக்கொண்டு போட்டோம். பாட்டு அடங்கியது. தம்புரா மட்டும் போய்க்கொண்டிருந்தது. நின்றது. வந்தது. கண் சிமிட்டும் நேரம்கூட இருக்காது. அர்ஷத் சார் என்னைப் பார்த்தார், மறுபடி போட்டார். பழைய மென்பொருள் இருந்த பெட்டியில் போட்டார். அதில் நிற்கவே இல்லை. மறுபடி புதியதில் போட்டார். அவர் முகம் சுண்டிப்போனது.

"பழசு, ஒரு துண்டு ஓடிக்கினு இருக்கும்போதே அடுத்தத எடுத்து வெச்சுக்கும், வால்ல ஒட்டிரும்" என்றார். "நான் ஒவ்வொண்ணும் முடிஞ்சதும் சத்தம் போற வழிய மூடிட்டு, புதுசா தொறக்குற மாதிரி எழுதிட்டேன். ஃபைலு ஃபைலாதான் ஒப்பிட்டுப் பாத்தேன்க்கா. ரெண்டுக்கும் நடுவுல பாக்கல." பெட்டியை நிறுத்திவிட்டு, "ஒரு வருஷமா இத எழுதுறேன். ஒருவாட்டிகூட உக்காந்து முழுசா கேக்கலக்கா" என்றார்.

அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நாப்பது செகண்டுக்கு மேல இங்க யாரு சார் கேக்குறா? நானே சோறு துன்னும்போதுதான் கேட்டேன்" என்றேன்.

அவரே போய், சாப்பிடும்போது நான் கேட்டது உட்பட எல்லாம் சொல்லி, அன்புசெல்வன் சாரைக் கூட்டிவந்தார். அவரும் நின்றபடியே மூன்று இடத்தையும் கேட்டார். போனை எடுத்து நாளைக்கு லாரி வேண்டாம் என்றார். போனை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அந்தக் கேள்வி வருகிறது என்று தெரிந்துவிட்டது.

"அப்போ குரலு தடிச்சிக்கீதுன்னு எழுதுனியே, பேஸு இறுக்கம்னு?"

"அதெல்லாம் கேக்கல சார்."

"கேக்காம?"

"ஏதோ தப்புன்னு தெரிஞ்சுது. இன்னான்னு தெரியல. ஃபார்ம்ல கட்டம் இருந்துது, ரொப்புனேன்."

"இந்த ஒரு ஃபார்ம் மட்டுமா?"

பொய் சொல்லியிருக்கலாம். அர்ஷத் சார் வேறு பக்கம் பார்த்தார், எனக்காகத்தான்.

"ஆறு வருஷமா அப்படித்தான் சார். நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னு தெரியும். நல்லாருந்தா நல்லாருக்குன்னு தெரியும். அதுக்கு மேல அஞ்சு கட்டத்துல எழுத எனுக்குத் தெரியாது. முன்னாடி இருந்த ஃபார்ம பாத்து மாத்தி மாத்தி எழுதுவேன்." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துடைத்துக்கொள்ளவில்லை. "ஆனா ஒரு கெட்ட பொட்டிகூட நான் வெளிய உட்டது இல்ல சார்."

அன்புசெல்வன் சார் கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போய்விட்டார். டிராயர் திறக்கும் சத்தம் கேட்டது. என் காகிதத்தைக் கிழிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது கையில் ஒரு வெள்ளைத் தாள் இருந்தது. கட்டமும் இல்லை, கோடும் இல்லை.

"அந்தக் காயிதத்துல இந்த மாசம் கையெழுத்துப் போட முடியாது சுமலதா. போட்டா எனுக்கே நாயமா படாது. அடுத்த வருஷம் பாப்போம்." தாளை என் முன்னால் வைத்தார். "இதுல எழுது. இன்னா கேட்டுதோ அத மட்டும்."

ஒரு வருஷம்! மனசு அடித்துக்கொண்டது. பேனாவை எடுத்தேன். ஆறு வருஷத்தில் எத்தனையோ ஃபார்ம் எழுதிய கை, வெறும் தாளில் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றது. கடைசியில் எழுதினேன். மூன்று இடத்தில் தம்புரா நின்றது. பிறகு வந்தது.

கீழே பெயர் எழுதிவிட்டு, "எந்த டிபார்ட்மென்ட்டுன்னு போடட்டும் சார்? பேக்கிங்கா?" என்று கேட்டேன்.

அன்புசெல்வன் சார் கதவுப் பிடியில் கை வைத்திருந்தார். கதவில் ஒட்டியிருந்த, இங்கே சாப்பிடக் கூடாது என்ற தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நகத்தால் ஓரத்தைக் கிளப்பி, உரித்து, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"மத்தியானம் இங்கியே சாப்புடு" என்று சொல்லிவிட்டுப் போனார்.