வேண்டுதல் இல்லாத பயணம்

ராஜாம்பாளுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஊரில் முதலில் சொன்னது அவள் புருஷன் சடையன்தான். வெளியாள் சொல்வதற்குள் வீட்டு ஆளே சொல்லிவிட்டால் ஒரு சௌகரியம் இருக்கிறது, அடுத்தவனுக்குச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

விஷயம் இவ்வளவுதான். ராஜாம்பாளும் அவளோடு கரும்பு வெட்டும் ஐந்து பெண்களும் சனி, ஞாயிறு இரண்டு நாள் கல்வராயன் மலைக்குப் போகிறார்கள். கரியாலூரைத் தாண்டி, காட்டுக்கு நடுவில் ஓர் ஏரி இருக்கிறது. அதன் கரையில் ஒரு விடுதி. அங்கே தங்கி, ஏரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வரப்போகிறார்கள். கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை, கோயில் இல்லை. மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்தில் கூலி வேலை செய்கிற பெண்கள் இப்படி ஒரு காரியம் செய்ததாக யாருக்கும் ஞாபகம் இல்லை.

"அங்க போயி இன்னாமே பண்ணுவ?" என்று கேட்டான் சடையன்.

"பாப்பேன்."

"இன்னாத்த பாப்ப?"

"ஏரிய."

"நம்மூர்ல ஏரி இல்லியா?"

"நம்மூரு ஏரியில போன மாசம் மண்ணு வாரிக்கினு இருந்தேன். மண்ணு வார்றவளுக்கு ஏரி எங்கய்யா தெரியும், மம்பட்டிதான் தெரியும்."

சடையன் கெட்டவன் இல்லை. அவனுக்கு நிஜமாகவே புரியவில்லை. "சரி, பாத்துட்ட. அப்பால இன்னா பண்ணுவ?" என்று மறுபடி கேட்டான். அவள் எரிச்சலில் சோற்றுத் தட்டைச் சத்தமாக வைத்தாள்.

அந்த ஏரி அவளுக்குப் புதியது இல்லை. கல்யாணமான புதிதில், இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், அதன் கரையில் படி கட்ட ஆள் எடுத்தபோது நாற்பது நாள் அங்கே கல் சுமந்திருக்கிறாள். காலையில் தண்ணீர்மேல் பனி புகையாக நிற்கும். மரங்கள் கரையோரம் குனிந்து நிற்கும். தலையில் கல் இருக்கும்போது இதையெல்லாம் ஓரக்கண்ணால்தான் பார்க்க முடியும். வேலை முடிந்து, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மத்தியானம், காண்டிராக்டர் எல்லாரையும் டிராக்டரில் ஏற்றிவிட்டான். "கெஸ்ட்டுங்க வர்ற எடம், வேல ஆளுங்க நிக்கக் கூடாது" என்றான். தான் சுமந்த கல்லில் ஒரு நிமிஷம் உட்கார்ந்து பார்க்கவில்லையே என்று அன்று வண்டியில் அவளுக்கு அழுகை வந்தது. அந்த அழுகை இந்த வருஷம்தான் கோபமாக முற்றியது. ஏன் இந்த வருஷம் என்று கேட்டால் அவளுக்கும் தெரியாது.

திட்டமெல்லாம் கரும்பு வெட்டுக்கு நடுவே, சாப்பாட்டு நேரத்தில், வரப்பு வேப்பமரத்தடியில் போட்டதுதான். கையெல்லாம் கரும்பின் காய்ந்த சோகை இலை கிழித்த கோடுகளோடு ஆறு பேரும் உட்கார்ந்து பேசுவார்கள்.

"ஸ்டவ் நான் எடுத்தாறேன்," என்றாள் சாலம்மாள். அவள்தான் கூட்டத்தில் மூத்தவள்.

"ஸ்டவ் எதுக்கு?"

"ஆக்கித் திங்க வாணாமா?"

"வாணாம். ரெண்டு நாளைக்கி யாரும் ஆக்கறதில்ல. அங்க எவனாவது ஆக்கிப் போட்டா துன்றது, இல்லாங்காட்டி வாழப்பழம் துன்றது. அங்க போயும் அடுப்பு ஊதணும்னா நீ வூட்லயே இரு."

சாலம்மாள் ஆகாரமே இல்லாத தேசத்துக்குப் போவதைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள். ஆனால் வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

விடுதிக்குப் போன் போட்டதும் ராஜாம்பாள்தான். எதிர்முனை ஆள் எத்தனை ஆண்கள் என்று கேட்டான். ஒருவரும் இல்லை, ஆறு பொம்பளைங்க என்றாள். கோயிலுக்கா என்று கேட்டான். இல்லை என்றாள். பிறகு பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டான்.

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் கண்ணாயிரத்தின் கரும்புக்குச் சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தது, அதே சனிக்கிழமைக்கு.

கண்ணாயிரத்துக்கு நாலு ஏக்கர் கரும்பு. வருஷா வருஷம் இவர்கள்தான் வெட்டுவார்கள். ராஜாம்பாள் நேரில் போய்ச் சொல்வதற்குள் அவள் கூட்டாளி அமிர்தம் முந்திக்கொண்டாள். அமிர்தத்துக்கு வாய் முன்னே போகும், புத்தி பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். கண்ணாயிரத்தைப் பார்த்ததும் பயந்துபோய், "மலக்கோயிலுக்கு வேண்டுதல்ங்க, ராஜாம்பா வேண்டிக்கினு இருக்குது" என்று சொல்லிவிட்டாள்.

கண்ணாயிரம் உருகிவிட்டார். "சாமி காரியத்துக்கு நான் குறுக்க நிப்பனா?" என்றார். தானே ஆலை ஆளிடம் பேசி உத்தரவைத் திங்கட்கிழமைக்கு மாற்றினார். போக வரத் தன் வேனையும் தருவதாகச் சொன்னார்.

"பாத்தியா, ஒரே வார்த்தையில முடிஞ்சிது," என்று அமிர்தம் பெருமையாக வந்து நின்றாள். ராஜாம்பாளுக்கு அந்தப் பொய் பிடிக்கவில்லை. ஆனாலும் வாயை மூடிக்கொண்டாள். வேன் கிடைக்கிறதே என்ற ஆசைதான், வேறென்ன.

அந்த ஊரில் ஒருவர் வேண்டுதலுக்குப் போகிறார் என்றால் அவர் தனியாகப் போவதில்லை. ஊர் வேண்டுதலெல்லாம் அவர் தலையில் ஏறிக்கொள்ளும். புதன்கிழமை காலை முதல் ஆள் வந்தாள், மஞ்சள் துணியில் முடிந்த காணிக்கையோடு. சாயங்காலத்துக்குள் நாலு தேங்காய், ஒரு வெண்கல மணி, நேர்ந்துவிட்ட சேவல் ஒன்று. வியாழக்கிழமை ஒருத்தி பேரனுக்கு மொட்டை போட வேண்டும், மடியில் வைத்துக் கூட்டிப்போங்கள் என்றாள். விரதம் இருக்கிறீர்கள்தானே என்று எல்லாரும் விசாரித்தார்கள். சாலம்மாள் ஆசையாக வறுத்து வைத்திருந்த கருவாட்டைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள். சேவல் ராஜாம்பாள் வீட்டு வாசலில் நின்று, அவளையே பார்த்துக் கூவியது.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாயிரம் ஆள் அனுப்பினார். அவர் தங்கையும் தங்கை மாமியாரும் வேனில் வருகிறார்கள், அதனால் இவர்களில் இரண்டு பேர் வராமல் நின்றுகொள்ள வேண்டும்.

"நான் நின்னுக்கறேன்," என்றாள் சாலம்மாள். "எனக்கு இன்னா, எப்பவும் நிக்கறதுதானே." சாதாரணமாகத்தான் சொன்னாள். முறுக்கிக் கட்டிய துணிப்பை அவள் மடியிலேயே இருந்தது. அதில் புது சோப்பு ஒன்று வாங்கி வைத்திருந்தாள்.

ராஜாம்பாளுக்கு அப்போதுதான் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அன்று கல். இன்று தேங்காய், சேவல், மணி, அடுத்த வீட்டுப் பிள்ளையின் மொட்டை. மறுபடியும் சுமந்துகொண்டுதான் அந்த மலை ஏறப்போகிறாள், மறுபடியும் ஓரக்கண்ணால்தான் பார்க்கப்போகிறாள். இதற்கா இந்தப் பாடு?

"ஏய் அமிர்தம், அந்தச் சேவலப் புடி," என்றாள்.

"எங்கக்கா?"

"குடுத்தவங்க வூட்டுக்கு."

வீடு வீடாகப் போனாள். ஒவ்வொரு வாசலிலும் பொருளை வைத்துவிட்டு அதே வார்த்தையைச் சொன்னாள். "வேண்டுதல் இல்லீங்க. ஏரி பாக்கப் போறோம். சாமி பேரச் சொன்னது தப்பு. கோயிலுக்குப் போற அன்னிக்கி நானே வந்து வாங்கிக்கினு போறேன்." மணி கொடுத்தவள் திட்டினாள். மொட்டைக்காரி சாபமே விட்டாள். சேவல் வீட்டுக்காரி மட்டும் சேவலை வாங்கிக்கொண்டு, "ஏரில படகு கீதாமே, ஏறுவியா?" என்று ரகசியமாகக் கேட்டாள்.

கடைசியாகக் கண்ணாயிரம் வீடு. அவர் நாற்காலியில் இருந்தார். ராஜாம்பாள் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப எங்கிட்ட பொய் சொல்லியிருக்கீங்க," என்றார். "நான் ஆலைக்காரங்கிட்ட பல்ல இளிச்சி தேதி மாத்தியிருக்கேன்."

"ஆமாங்க. பொய் எங்க செட்டு ஆளு சொன்னது. அதுக்கு மன்னிப்பு கேட்டுக்கறேன். போறதுக்குக் கேக்க மாட்டேன்."

"ஊரு சுத்த இன்னா அவசரம்? வெட்டு முடிஞ்சி போ."

"வெட்டு முடிஞ்சா கள எடுக்கணும், அப்பால நடவு, அப்பால மறுபடியும் வெட்டு. நாங்க எப்பங்க சும்மா இருந்தோம்? செத்தா லீவு குடுக்கறீங்க, சாமின்னா லீவு குடுக்கறீங்க. எனக்கு ரெண்டும் இல்லாம வேணும்."

கண்ணாயிரத்தின் முகம் சிவந்துபோனது. "வேன் கெடையாது. திங்கக்கெழம தியாகதுருகத்திலிருந்து வேற ஆள் எறக்கிடுவேன். அப்பால வந்து நிக்காத."

"எறக்குங்க. கெடைக்கலன்னா திங்கக்கெழம காலைல கத்தியோட வந்துடுவோம்," என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். தெரு முனை திரும்பும்வரை நேராக நடந்தாள். திரும்பியதும் நின்றுவிட்டாள். நாலு ஏக்கர் கரும்பு போனால் ஆறு வீட்டு அடுப்பு என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் காலை முதல் பஸ்ஸுக்கு அவள் தனியாகத்தான் நின்றாள். யாரையும் கூப்பிடவில்லை. வருவதும் வராததும் அவரவர் பாடு. பஸ் வர ஐந்து நிமிஷம் இருக்கும்போது சாலம்மாள் துணிப்பையோடு வந்தாள். அவள் பின்னால் மூன்று பேர். பஸ் கிளம்பும் சமயத்தில் அமிர்தம் ஓடிவந்து ஏறினாள். கையில் ஒரு தூக்குச் சட்டி.

"இன்னா அது?"

"கருவாடு. பக்கத்து வூட்ல கேட்டு திருப்பி வாங்கியாந்துட்டேன்." ராஜாம்பாளின் முகத்தைப் பார்க்காமல், "வாய் தப்பிப்போச்சிக்கா" என்றாள்.

"ஒக்காரு," என்றாள் ராஜாம்பாள்.

கள்ளக்குறிச்சியில் மாறி, கச்சிராயபாளையம் தாண்டி, கோமுகி அணையைக் கடந்து பஸ் மலை ஏறியது. ஒவ்வொரு வளைவிலும் சாலம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள், திறந்தபோதெல்லாம் சிரித்தாள். குளிர்ந்த காற்றோடு பச்சை இலை வாசனை உள்ளே வந்தது.

விடுதி வாசலில் காவலாளி இவர்களை மேலும் கீழும் பார்த்தார். சோகை கிழித்த கைகளைப் பார்த்தார். "வேலைக்கா? பின்னால வழியா போங்கம்மா. முன்னாடி கெஸ்ட்டுங்க வர்ற நேரம்," என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"நோட்டுல பாருங்க. ராஜாம்பாள், ஆறு பேரு."

அவர் நோட்டைப் புரட்டினார். விரலை வைத்துப் படித்தார். நிமிர்ந்தார். "நீங்களா?"

"நாங்கதான் அந்த கெஸ்ட்டு," என்றாள் ராஜாம்பாள்.

அவர் சாவியை எடுத்துக் கொடுத்தார். பையை அறையில் போட்டுவிட்டு அவள் நேராகப் படிக்கட்டுக்குப் போனாள். எந்தக் கல் தான் சுமந்தது என்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் பாசி படர்ந்திருந்தது. கடைசிப் படியில் உட்கார்ந்து, காலைத் தண்ணீரில் தொங்கவிட்டாள். ஜில்லென்று முழங்கால்வரை ஏறியது. எதிர்க்கரை மரங்கள் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றன. மற்றவர்களும் ஒவ்வொருவராக வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். சாலம்மாள் கருவாட்டைப் பங்கு வைத்தாள்.

போன் அடித்தது. சடையன்.

"கண்ணாயிரத்துக்கு ஆள் கெடைக்கலியாம். வூட்டாண்ட வந்து நிக்கறாரு. திங்கக்கெழம வந்துடுவீங்களான்னு கேக்கறாரு."

"வந்துடுவோம்னு சொல்லு."

பிறகு, "ஏமே, இன்னா பண்ணிக்கினு கீற?" என்றான்.

ராஜாம்பாள் ஏரியைப் பார்த்தாள். நேராகவே பார்த்தாள்.

"ஒண்ணும் பண்ணல," என்றாள். "நாளைக்கும் பண்ண மாட்டேன்."