மீனுக்கு உடுத்திய சரிகை

எட்டணா. அலிமா பீவியின் நிக்காஹ் சேலைச் சரிகைக்கு இந்த உலகத்தில் கிடைத்த விலை அவ்வளவுதான். அதுவும் வீட்டுச் சேவலின் கழுத்து இறகு, மகள் சீப்பில் விட்ட முடி, தலையணைப் பஞ்சு எல்லாம் சேர்த்து. தூண்டில் முள்ளில் இவற்றைச் சுற்றி, ஈயைப்போல் பொய்ப்பூச்சி கட்டுவார் அவள் புருஷன் மைதீன் பாட்சா. மலைத்தோட்டத்துத் துரைமார் ஓடையில் வீசினால் மீன் நம்பிக் கவ்வும். துரைமாரும் அப்படித்தான், நாலணாச் சரக்கை எட்டணாவுக்குக் கவ்வுவார்கள். சங்கரன்கோவில் கடைத்தெருவில் அவரைப் பேரத்தில் ஜெயித்தவர் கிடையாது.

விடியற்காலையில் மௌத்தான அவர் உடலை, முற்றத்துத் திரைக்கு அந்தப் பக்கம் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நூல் மெழுகு நகத்துல ஒட்டிக் கெடக்கு. தண்ணி படாட்டா குளிப்பு சேராதே" என்றது ஒரு குரல்.

அலிமா பீவி தேங்காயெண்ணெயைச் சுடவைத்து மகள் மெஹர்பானுவிடம் நீட்டினாள். "பைய தேய்க்கச் சொல்லு. பெருவிரல்ல முள்ளு குத்தின புண்ணு இருக்கு."

அந்த விரலுக்கு உடையவரிடம் அவள் பேசிப் பத்தொன்பது நாளாகிறது. மெஹர்பானு கல்யாணத்துக்கென்று பெட்டியைத் திறந்தால், சேலை முந்தி மூளியாகக் கிடந்தது.

"எஞ் சேலைய உருவி மீனுக்கு உடுத்திவிட்டீகளோ!"

"ஏட்டி, சரிகையக் கண்டா மீனு வாயத் தொறக்கு. நீ மூட மாட்டேங்கியே!"

மூடினாள்.

கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்தாயிற்று. தூக்குமுன் பெண்சாதி வாயால் ஒரு வார்த்தை வரவேண்டும். கொழுந்தன் நிலைப்படியில் வந்து நின்றான்.

"மதினி, அண்ணன் செஞ்ச கொறையெல்லாம் பொறுத்துக்கிட்டேன்னு சொல்லிருங்க."

அவள் சுவரைப் பார்த்தாள். வெளியே தெருவே காத்துக் கிடந்தது.

"சொல்லும்மா" என்றாள் மெஹர்பானு. "அத்தா பாவம்லா."

"சரிகை என்ன பெரிய சரிகை. அத அன்னைக்கு ராத்திரியே பொறுத்தாச்சு."

"அப்ப அதச் சத்தமாச் சொல்லுங்க மதினி."

"சொன்னா தூக்கிருவீகளே."

பள்ளிவாசலில் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொன்னார்கள்.

"பொறுத்துக்கிட்டேன்."

சந்தூக்கு எழுந்தது. கலிமாச் சத்தம் தெருமுனை திரும்பித் தேய்ந்தது. பெண்கள் யாரோ காப்பித் தண்ணி நீட்டினார்கள். அலிமா பீவி வாங்கவில்லை. அவள் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கிக்கொண்டிருந்தன.

கத்திரிக்கோல எங்கட்டி வச்சே? சோறு ஆறிட்டா? தூங்கிட்டியா அலிமா? இன்று விடியுமுன், சேவல் கூவிட்டா?

அந்தப் பத்தொன்பது நாளில், ஞாபகம் வந்தமட்டும் அவர் கேட்டது நாற்பத்தொரு கேள்வி. அவள் சொன்ன பதில் ஒன்றுகூட இல்லை.