வீட்டுக்காரனுக்குச் சால்வை இல்லை

"தம்பி, உங்க பேண்டோட வரலாறு ஒரு பத்து வரி எழுதிக் குடுத்துருங்க. மைக்ல வாசிக்கணும்" என்று பாஸ்கல் சார் கேட்டபோதே நான் மறுத்திருக்க வேண்டும்.

பாஸ்கல் சார் ஓய்வுபெற்ற வாத்தியார். எரியோடு பக்கம் இருக்கும் எங்கள் ஊரில் அந்தோணியார் திருவிழாக் கமிட்டியின் செயலாளர். வரலாறு வாசிக்காமல் ஒருவரையும் மேடையில் நிற்க விட்டதில்லை. கபடியில் ஜெயித்த பையன்களுக்கே பிறந்தது, வளர்ந்தது, படித்தது எல்லாம் சொல்லித்தான் கோப்பையைக் கொடுப்பார். அவருக்கு இது சின்ன வேலை. எனக்குத்தான் பாம்புப் புற்றுக்குள் கை விடுகிற வேலை. எங்கள் பேண்டு மூன்று முறை உடைந்திருக்கிறது, கடைசி முறை அந்த வரலாற்றை வைத்துத்தான்.

பேண்டின் பெயர் கிசேலா ஒகுர்கா. செக் மொழியில் புளித்த வெள்ளரிக்காய். பெயரைக் கேட்டதும் என் அம்மா அல்போன்சா, "நம்ம பக்கம் பாட்டில்ல அடைச்சு வெளிநாட்டுக்கு அனுப்புறாகளே, அந்தக் காயாடா? அதுக்கா இம்புட்டுச் சத்தம்?" என்றாள். பங்க் ராக் என்றால் என்ன என்று அவளுக்கு விளக்கப் பார்த்தேன். கோபத்தை ஒன்றரை நிமிஷத்துக்குள் பாடி முடிப்பது என்றேன். "கோவத்த எதுக்குப் பாடணும், திட்டிட்டுப் போக வேண்டியதுதான" என்றாள்.

நான் செக் நாட்டில் இருக்கும் பர்னோ நகரத்துக்குப் படிக்கப் போனவன். பாடகி ராத்கா அந்த ஊர்க்காரி. டிரம்ஸ் வாசிக்கும் ஹோன்சா அவளுடைய பள்ளித் தோழன். கிட்டார் க்ரெக் அமெரிக்கன், இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்து அங்கேயே தங்கிவிட்டவன். ராத்காவைக் கேட்டால், அவள் மாமா வீட்டு நிலவறையில் அவளும் ஹோன்சாவும் தொடங்கியதுதான் பேண்டு, க்ரெக் பிறகு வந்து ஒட்டிக்கொண்டவன் என்பாள். க்ரெக்கைக் கேட்டால், அதுவரை அந்த இருவரும் நிலவறையில் சட்டி உருட்டிக்கொண்டிருந்தார்கள், முதல் பாட்டை அவன் எழுதிய பிறகுதான் பேண்டு என்பான். செக் மொழியிலா இங்கிலீஷிலா என்று ஒரு முறை உடைந்தது. க்ரெக் ஒரு பாட்டைத் தயிர் விளம்பரத்துக்குக் கொடுத்தபோது ஒரு முறை உடைந்தது. ராத்கா ஒரு பேட்டியில் க்ரெக்கை "எங்கள் விருந்தினர்" என்று சொன்னதில் போன வருஷம் உடைந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை.

இரண்டு வரலாற்றிலும் நான் இல்லை. பேஸ் கிட்டார் வாசித்தவன், வேன் ஓட்டியவன், ஊர் ஊராக ரசம் வைத்துக் கொடுத்தவன். ஒரு வரி கிடையாது.

அப்பா போன பிறகு அம்மாவைத் தனியே விட முடியாமல் ஊரோடு வந்துவிட்டேன். கம்பெனி வேலையை வீட்டிலிருந்து பார்க்கிறேன், பேண்டு இருந்தவரை கச்சேரிக்கு மட்டும் விமானம் ஏறினேன். இப்போது ஜெர்மனியிலிருந்து ஒருவர் எங்களைச் சுற்றுப்பயணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார். நான்கு பேரும் சேர்ந்து வந்தால் உண்டு, இல்லாவிட்டால் வேறு பேண்டைப் பார்த்துக்கொள்வாராம். பதில் சொல்ல இன்னும் இரண்டே நாள். "எங்க ஊருக்கு வாங்க, திருவிழாவில் ஒரு சாயங்காலம் சேர்ந்து வாசிப்போம், பிறகு முடிவு பண்ணலாம்" என்று மூவரையும் நான்தான் கெஞ்சி வரவழைத்தேன். இங்கேயும் அடித்துக்கொண்டால் பேண்டு செத்தது. நான் உருப்படியாகச் செய்த ஒரே காரியம் அந்தப் பேண்டுதான். வேறென்ன சொல்ல.

வந்த நாளிலிருந்து உயிரை வாங்கினார்கள். க்ரெக்குக்குச் செக் நன்றாகத் தெரியும். ராத்காவுக்கு இங்கிலீஷ் அதைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் ராத்கா என்னிடம் செக்கில், "சாம்பார் வாளியை நகர்த்தச் சொல்" என்பாள். நான் க்ரெக்கிடம் இங்கிலீஷில் சொல்ல வேண்டும். அவன் நகர்த்த மாட்டான். "ஏற்கனவே நகர்த்திவிட்டேன் என்று சொல்" என்பான். வாளி இருவருக்கும் நடுவில்தான் இருக்கும். ஹோன்சா மட்டும் எதையும் கண்டுகொள்ளாமல் நாலாவது தோசை கேட்பான்.

அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "ஏன்டா, ரெண்டு பேருந்தான் ஒட்டி உக்காந்திருக்காக. நடுவுல நீ எதுக்குடா தந்தி அடிக்கிற?"

"அவங்க பேசிக்க மாட்டாங்கம்மா."

"அப்ப பட்டினி கிடக்கட்டும். நீ வந்து திங்கிறியா, ஆறிப்போச்சு."

எங்கே தின்பது. பத்து வரி வரலாறு எழுத வேண்டியிருந்தது. எழுதினேன், கிழித்தேன், எழுதினேன். கடைசியில் தொடங்கியவர் யார் என்ற இடத்தில், "நண்பர்கள் சேர்ந்து தொடங்கினர்" என்று பூசி மெழுகி பாஸ்கல் சாரிடம் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் பந்தல் நிறைந்திருந்தது. ஜெபமாலைக்கு மணி அடித்தால் மேடையை விட்டுவிட வேண்டும் என்பது பேச்சு. எங்கள் பாட்டெல்லாம் குட்டிப் பாட்டு என்பதால் நான் கவலைப்படவில்லை. கவலைப்பட்டிருக்க வேண்டும். பங்குப் பேரவை வாழ்த்தியது, மரியாயின் சேனை வாழ்த்தியது, இளைஞர் மன்றம் வாழ்த்தியது, சவுண்டு செட் உரிமையாளருக்குச் சால்வை போட்டு அவரும் நாலு வார்த்தை பேசினார். வெயில் தாழ்ந்துவிட்டது. ஒருவழியாக பாஸ்கல் சார் என் காகிதத்தைக் கையில் எடுத்தார்.

"நண்பர்கள் சேர்ந்து தொடங்கினர்" என்று வாசித்தவர் நிறுத்தி, மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "இது என்னப்பா எழுத்து? நம்ம கபடி டீமுக்கே தலைவர், துணைத்தலைவர், பொருளாளர் இருக்கு. ஆரம்பிச்ச ஆளு யாரு? அவுகளுக்குத்தான முதல் சால்வை போடணும்?"

"யாருக்கு வேணும்னாலும் போடுங்க சார்."

"யாருக்கு வேணும்னாலுமா? முதல் மரியாதைப்பா!" என்று என்னை விரோதியைப் போலப் பார்த்தார். கையை எடுத்துவிட்டு மைக்கில், "ஸ்தாபகர் அவர்கள் முன்னால் வருமாறு அன்போடு அழைக்கிறோம்" என்று அறிவித்தார்.

என்ன சொல்கிறார் என்று ராத்கா கேட்டாள். க்ரெக்கும் கேட்டான். சொல்லித் தொலைத்தேன்.

"எனக்கு இந்த மரியாதையெல்லாம் பிடிக்காது. ஆனால் அவனுக்கு முதலில் போடக் கூடாது என்று சொல்" என்றாள் ராத்கா.

"நானும் இதையெல்லாம் எதிர்த்துத்தான் பாட்டு எழுதுகிறேன். ஆனால் அவளுக்குப் போட்டால் நான் இறங்கிவிடுவேன் என்று சொல்" என்றான் க்ரெக்.

இருவரும் எழுந்து ஆளுக்கு ஓர் அடி முன்னால் வந்து நின்றார்கள். சப்பரத்துக்கு முன்னால் யார் நடப்பது என்று எங்கள் ஊரில் இரண்டு குடும்பம் நிற்குமே, அச்சு அசல் அதே நிலை. பாஸ்கல் சாருக்கு விஷயம் சட்டென்று புரிந்துவிட்டது. அவர் முகத்தில் ஒரு சந்தோஷம்கூடத் தெரிந்தது. "அட, இவுகளும் நம்மள மாதிரிதானா! சரி, பொதுவா ஒன்னு செய்வோம். முதல் சால்வைய உனக்குப் போட்டுருவோம்" என்று அதை என் பக்கம் விரித்தார்.

பொய் சொல்லவில்லை, எனக்கு ஆசையாக இருந்தது. தலையைக்கூடக் கொஞ்சம் குனிந்துவிட்டேன்.

முன்வரிசையிலிருந்து அம்மா எழுந்து நின்றாள். "சார், என்ன சார் இது? அவன் வீட்டுக்காரன். வீட்டுக்காரனுக்கு யாராச்சும் சால்வை போடுவாகளா? வந்தவுகளுக்குப் போடுங்க சார்!"

"ஆமால்ல" என்று பாஸ்கல் சார் சால்வையைச் சுருட்டிக்கொண்டார். பந்தல் முழுக்கத் தலையாட்டியது. அது சரிதான், முறை அதுதான். என் தலை மட்டும் குனிந்தபடியே இருந்தது.

ராத்கா என் தோளைத் தட்டி, "உன் அம்மா என்ன சொன்னாள்?" என்றாள். மறு பக்கத்திலிருந்து க்ரெக், "என்ன சொன்னாள்?" என்றான்.

அவ்வளவுதான். மைக்கைப் பிடுங்கினேன். செக்கும் வரவில்லை, இங்கிலீஷும் வரவில்லை.

"வீட்டுக்காரன்னு சொன்னாங்கடா! நான்தான் வீட்டுக்காரனாம்! வேன் ஓட்டுனது யாரு? நான்தான்! ரசம் வச்சு ஊத்துனது யாரு? நான்தான்! பக்கத்துல உக்காந்துகிட்டு சாம்பார நகத்தச் சொல்லுறதுக்கு உங்களுக்கு ஒரு ஆளு வேணும், அது யாரு?"

"நான்தான்!" என்றது இளைஞர் மன்றம். அவர்கள் கச்சேரி தொடங்கிவிட்டது என்று நினைத்துவிட்டார்கள். ஹோன்சாவும் அப்படித்தான் நினைத்தானோ என்னவோ, கையிலிருந்த வாழைக்காய் பஜ்ஜியை வாயில் திணித்துக்கொண்டு டிரம்ஸை அடிக்கத் தொடங்கினான். எனக்கு நிறுத்தத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. விசாவுக்கு வரிசையில் நின்றது, சமாதானம் பேசியது, தயிர் விளம்பரம், நிலவறை. ஒவ்வொன்றுக்கும் பந்தலே "நான்தான்!" என்று கத்தியது. அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள்.

எனக்குப் பின்னால் கிட்டார் சேர்ந்தது. "நான்தான்" என்று கத்துவது ராத்காவின் குரலாகவும் இருந்தது. அர்த்தம் தெரியாமலே தொண்டை கிழியக் கத்தினாள்.

நடுவில் ஓர் இடத்தில் அவள் க்ரெக்கின் பக்கம் திரும்பி, செக்கில், நேராக அவனிடம், "இவ்வளவு வேகமாக வாசிக்காதே, அவன் இன்னும் திட்டி முடிக்கவில்லை" என்றாள்.

"தெரிகிறது" என்றான் அவன், அவளிடமே.

ஜெபமாலை மணி அடித்தது. பாஸ்கல் சார் மைக்கை அணைத்தார். நாங்கள் வாசித்தது அந்த ஒரே பாட்டுதான். கையில் மீந்த சால்வைகளை என்ன செய்வது என்று தெரியாமல் அவர் எல்லாவற்றையும் ஹோன்சாவின் தோளிலேயே போட்டு அனுப்பிவிட்டார்.

வீட்டில் அம்மா முதல் பந்தி போட்டிருந்தாள். ராத்காவும் க்ரெக்கும் கைகூடக் கழுவாமல், அந்தப் பாட்டை யார் முதலில் பிடித்தது என்று முகத்துக்கு முகம் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியில் அதைத்தான் முதலில் வாசிக்க வேண்டும் என்பதில் மட்டும் இருவருக்கும் சண்டை இல்லை. இடையில் க்ரெக் என்னைப் பார்த்து, "கிளெமென்ட், இவளிடம் சொல்" என்று தொடங்கினான்.

நான் அவனுக்கும் அவளுக்கும் நடுவில் போடப்பட்டிருந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தேன்.

"வீட்டுக்காரன் கடைசிலதான்டா சாப்பிடணும்" என்றாள் அம்மா, கையில் சோற்றுக் கரண்டியோடு.

"பசிக்குதும்மா, போடு" என்றேன். அவள் என் முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, முதலில் என் இலையில் சோற்றை வைத்தாள்.