ஒரே வரியில் இருவர்

கார்காலத்தின் கடைசி முகில்கள் தம் சுமையை இறக்கிவைத்துவிட்டு, பிழிந்து போட்ட துணிபோல் வெளிறிக் கிடந்த வானின்கீழ், துறைமுக நகரின் கூரைகளெல்லாம் ஈரமூச்சு விட்டுக்கொண்டிருந்த முற்பகல் வேளை அது. கயிற்றாலையின் சங்கு ஊதி ஓய, படகுத்துறையில் உளிகளின் ஓசை எழ, மேட்டுத்தெருவின் முனையில் நின்ற கல்லில்லம் மட்டும், எல்லாவற்றையும் கேட்டும் எதையும் பேசாத முதியவளைப்போல் வாய்மூடி நின்றது. அதன் மதிலில் ஒரு சிறு சாளரம். சாளரத்தினுள் ஒரு தொட்டில். வளர்க்க வழியற்றோர் தாம் ஈன்ற மகவை அதிற் கிடத்தி, மணிக்கயிற்றை ஒருமுறை இழுத்துவிட்டுத் திரும்பிப் பாராமற் செல்வர்.

அங்ஙனம் வந்த மகவையெல்லாம் பேரேட்டில் எழுதி வைத்தவளை எல்லாரும் ஏட்டம்மா என்றே அழைத்தனர். முப்பத்தொன்பது ஆண்டுகளாக அந்த ஏட்டைக் காத்த அவள், பெயர்களின் பொருளறிவதில் பெருவேட்கை கொண்டவள். தந்தையின் பெயரையே குடிப்பெயராகச் சூடும் மக்களையும், கொல்லன், தச்சன், மாவரைப்பவன் எனத் தொழிலையே வழிவழிப் பெயராக்கிக்கொண்ட மக்களையும், கூற்றுவனை ஏய்ப்பதற்காக அருமந்த பிள்ளைக்குக் குப்பையென்று பெயரிடும் மக்களையும் அவள் நூல்களில் கண்டு வியந்திருந்தாள். இறந்தோரின் பெயரைப் பிறந்தோர்க்கு இட்டுப் பெயரைச் சாகவிடாமற் காக்கும் மக்களும் உளர் என்று ஒருநாள் படித்தாள். படிப்பவரே, அவளை வீழ்த்தியது அந்த ஒன்றுதான்.

ஏட்டில் ஒரு மகவுக்கு ஒரு வரி. மகவு மாண்டால் அவ்வரியைச் சிவப்பு மையால் அடித்துவிடுதல் இல்லத்தின் ஒழுங்கு. அவள் பணியேற்ற முதற்பனிக்காலத்தில் இல்லத்தில் அம்மை பரவி, ஒரே வாரத்தில் பதினான்கு வரிகளை அடிக்க நேர்ந்தது. பதினைந்தாவது வரிக்குக் கை எழவில்லை. மறுநாள் தொட்டிலில் வந்த மகவை, அடிக்காத அந்த வரியிலேயே, மாண்ட மகவின் பெயரிலேயே இருத்திவிட்டாள். வந்தவனின் உடையில் ஊசியாற் குத்தியிருந்த பெயர்ச்சீட்டைக் கழற்றித் தகரப்பெட்டியில் இட்டாள். பெயர் பிழைத்தது என்று நெஞ்சாறினாள். அதன்பின் அதுவே அவளுக்கு வழக்கமாயிற்று.

இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன், இடக்காலில் ஆறு விரல்களோடு ஓர் ஆண்மகவு வந்தது. 'திரும்பி வருபவன்' என்னும் பொருளுடைய பெயரைத் தாய் சீட்டில் எழுதியிருந்தாள். பத்தொன்பது நாள்களில் அது மாண்டது. அடுத்து வந்தவனின் சீட்டில் இருந்த பெயருக்குக் 'கேட்டுப் பெற்றவன்' என்பது பொருள். அச்சீட்டு பெட்டிக்குட் போக, அவன் திரும்பி வருபவனாகவே வளர்ந்து, படகுத்துறையில் தச்சனானான். அவனை ஈன்றவள் ஒரு தையற்காரி. கடந்த ஏழாண்டுகளாக, மழை ஓய்ந்ததும் குடையோடு வந்து தான் இட்ட பெயரைச் சொல்லிக் கேட்பாள். ஏட்டம்மா பக்கங்களைப் புரட்டி, "அப்படி ஒரு பேரு இதுல இல்லையேம்மா" என்பாள். ஏட்டளவில் அது மெய். அடுத்த ஆண்டு சொல்லிவிடுவேன் என்று ஒவ்வோராண்டும் தனக்குள் உறுதி கூறுவாள். ஒரு வரியைத் திறந்தால் எத்தனை வரிகள் வாய்திறக்குமோ என்று ஒவ்வோராண்டும் அஞ்சுவாள்.

காய்ச்சலில் மூன்று நாள் கிடந்து, அன்றுதான் எழுந்து வந்திருந்தாள். வாயிற்காவலர் முகமெல்லாம் பல்லாக எதிரே வந்து நின்றார்.

"ஏட்டம்மா, நீங்க படுத்திருந்தப்ப நான் ஒரு புண்ணியம் கட்டிக்கிட்டேன். கயிற்றாலையில வேலை செய்யிற ஒரு அம்மா, மகனைத் தேடி வந்தாங்க. பேரைச் சொன்னாங்க, ஏட்டைப் புரட்டினேன், பளிச்சுனு இருக்கு! நம்ம படகுத் தச்சன்! ரெண்டு பேரையும் சேர்த்து வச்சிட்டேன்."

"ஏட்டை யாரு தொடச் சொன்னது உங்கள?"

"நல்லது பண்ணினாலும் திட்டு, பண்ணாட்டியும் திட்டு. அதோ, அந்த அம்மாவே வர்றாங்க. அவங்களையும் திட்டுங்க."

தார்நாற்றமும் நார்க்கீறலும் ஏறிய கைகளை முன்றானையில் துடைத்தவாறே உள்ளே வந்த கயிற்றுக்காரி, கதவைச் சாத்திவிட்டு, உட்காராமல் நின்றாள்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்கணும். அவன் வெளியில நிக்கிறான், அவன் காதுல விழக்கூடாது."

"கேளும்மா."

"என் பிள்ளைக்கு இடது கால்ல ஆறு விரல். நேத்து இவன் செருப்பைக் கழட்டினப்ப பார்த்தேன். அஞ்சுதான் இருக்கு. ராத்திரி பூரா தூக்கமில்ல. என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க. இவன் என் பிள்ளைதானா?"

மெய் தொண்டைவரை வந்தது. அப்போது கதவு சற்றே திறக்க, தச்சன் தலையை நீட்டினான்.

"அம்மா, கயிறுதான் நீளமா திரிப்பீங்கன்னு நினைச்சேன், பேச்சுமா? ஏட்டம்மா, நினைவிருக்கா? என் பேருக்கு என்ன அர்த்தம்னு சின்ன வயசுல உங்ககிட்ட கேட்டேன். திரும்பி வருபவன்னு சொன்னீங்க. எங்கேயும் போகாதவனுக்கு எதுக்கு இந்தப் பேருன்னு சிரிச்சேன். இப்பத்தான் புரியுது." குரல் உடைய, அவன் கதவை மூடிக்கொண்டான்.

கரையேறிய இருவரை மீண்டும் கடலில் தள்ளும் வன்மை அம்முதியவளின் கைகளுக்கு இல்லை.

"அந்த விரலை மருத்துவர் அப்பவே எடுத்துட்டாரும்மா. பச்சைப்பிள்ளை உடம்பு, தழும்புகூடத் தங்கல."

கயிற்றுக்காரி நின்ற இடத்திலேயே குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு ஓசையின்றி அழுதாள். பிறகு எழுந்து, ஏட்டம்மாவின் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டு போனாள்.

அவர்கள் தெரு இறங்கிச் செல்வதைச் சாளரத்தின் வழியே ஏட்டம்மா கண்டாள். ஆறு விரல்களோடு பிறந்து பத்தொன்பது நாள் மூச்சுவிட்ட அம்மகவின் பெயரை அன்றே எடுத்துப் பிறனுக்குக் கொடுத்திருந்தாள். அதற்காக அழ எஞ்சியிருந்த ஒரு தாயையும் இன்று எடுத்துக் கொடுத்துவிட்டாள். இனி அது இறந்ததுமில்லை, பிறந்ததுமில்லை. தகரப்பெட்டியைத் திறந்து, பழுத்துப்போன ஒரு சீட்டை எடுத்து விரித்தாள். கேட்டுப் பெற்றவன். ஊசி குத்திய துளை இரண்டும் துருவேறி, கண்களைப்போல் அவளை நோக்கின.

வாயில்மணி ஒலித்தது. மடக்கிய குடையோடு தையற்காரி படியேறி வந்தாள்.

"இந்த வருஷமும் வந்துட்டேன்மா. இவளுக்கு வேற வேலை இல்லையான்னு சலிச்சுக்காதீங்க. ஒரே ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க."

சீட்டை உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டு, ஏட்டம்மா ஏட்டை விரித்தாள். பக்கம் பக்கமாக, விரலால் வரி வரியாக, இல்லாததைத் தேடுபவள்போல் நெடுநேரம் தேடினாள். தையற்காரி மேசையின் விளிம்பைப் பற்றிக்கொண்டு, அவ்விரலையே பார்த்திருந்தாள். கடந்த ஏழாண்டுகளும் இல்லையென்று சொன்னது ஏடு. இன்று சொல்லப்போவது ஏடன்று, தானே என்பதையும், இனி எந்த ஆண்டும் இதைத் திருத்த இயலாது என்பதையும் ஏட்டம்மா அறிந்திருந்தாள்.

"இல்லம்மா" என்றாள்.

"சரிம்மா. அடுத்த வருஷம் வர்றேன்."

பெயர்கள் சாவதில்லை என்று நம்பியவள் அவள். அழைப்பதற்கு ஒரு வாயும் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு முகமும் உயிரோடிருக்க, இரண்டுக்கும் இடையே ஒரு பெயர் மாண்டு கிடப்பதுண்டு என்பதை அவள் அன்று கண்டாள். குடை விரியும் ஓசை கேட்டது. தெருவில் மழை இல்லை.